சொல்லிக்கொண்டு போனவள்

போன கார்த்திகையில் நடந்தது இது. உத்திரமேரூர் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டின கிராமம் எங்களுடையது. மழை வெளுத்து வாங்கியதில் ஏரி நிரம்பி, என் தோட்டத்து வேலி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. ஊரே கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தேன்.

ஆடி மாதம் என் மனைவி இறந்துபோனாள். ராத்திரி படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, மகராசி! துக்கம் கேட்க வந்தவர்களும் அப்படித்தான். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்களே! பேசிக்கொண்டே இருப்பார்கள், துண்டை உதறித் தோளில் போடுவார்கள், திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். காரியம் முடிந்த பிறகு அப்படி வந்து போவதும் நின்றது. புனேயில் இருக்கும் மகள் போன் செய்து, "சாப்டியாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். அன்றைக்கு நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் வேலிக்கு வெளியே ஒரு பெண் குரல். "வூட்ல யாரு? கொஞ்சம் வாங்களேன்!"

எரிச்சலோடு எழுந்து போனேன். நாற்பது வயது இருக்கும், முட்டி வரை நனைந்த புடவையோடு நின்றாள். பின்னால் ஒரு தகரப் படகு. அதன் நடுவில் ஒரு தகரத் தொட்டி. தொட்டி நிறைய மீன் குஞ்சுகள்.

"இன்னாம்மா வோணும்?" என்றேன்.

"தொட்டி ஒயுகுது நைனா. அடைக்க எதனா கீதா?"

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் வேலை செய்பவளாம், பழையசீவரம் பக்கம் ஊர். குஞ்சுகளை எதிர்க்கரையில் வலை கட்டிய அடைப்பில் கொண்டுபோய் விட வேண்டும். பாதை மழையில் அரித்துப் போனதால் படகு ஒன்றுதான் வழி. கூட வருகிற ஆளுக்குக் காய்ச்சல், இவள் தனியாகக் கிளம்பிவிட்டாள்.

"சுத்தியும் தண்ணி கீது. மொண்டு மொண்டு ஊத்திக்கினு போவ வேண்டியதுதானே?"

"துடுப்பு போடுவனா, தண்ணி மொள்ளுவனா? எனக்கு இன்னா நாலு கையா கீது?"

"அப்போ இங்கியே வுட்டுடேன்."

"நல்லா சொன்ன போ! விரால் அல்லாத்தையும் ஒரே வாயில முயுங்கிடும். குஞ்சு செத்துச்சுன்னா அந்தாளு நாளையிலேர்ந்து என்னை வேலைக்கு வராதம்பாரு."

குனிந்து பார்த்தேன். தொட்டியின் கீழ் மூலையில் துருப்பிடித்து விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. பற்றவைக்க வேண்டும், அதற்கு உத்திரமேரூருக்குத்தான் போக வேண்டும். அதற்குள் தொட்டி வற்றிவிடும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். நடுவழியில் டீசல் டேங்க் ஒழுகினால் நாங்கள் என்ன செய்வோம்? துணி சோப்பைப் பிசைந்து அடைப்போம். வண்டி மகராஜனாக டிப்போ வந்து சேரும்.

துவைக்கிற கல்லுக்குப் போனேன். கொட்டாங்கச்சியில் என் மனைவி தேய்த்து மீதி வைத்த சோப்புத் துண்டு காய்ந்து கிடந்தது. அத்தனை மாதமும் நான் அதைத் தொட்டதே இல்லை. என் துணியைப் பவுடர் போட்டு அலசிவிட்டு அதை அப்படியே விட்டு வைத்திருந்தேன். எடுக்கும்போது கை கூசியது. வீட்டுக்குள்ளே இருந்ததோ மணக்கிற குளியல் சோப்பு, ஒன்றுக்கும் ஆகாது. அந்தத் துண்டையே எடுத்துவிட்டேன்.

"சோப்பு தண்ணில கரையாதா நைனா?" என்றாள்.

"முப்பது வருஷ சர்வீஸும்மா! எனக்கே சொல்லித் தரியா?"

வெளிப்பக்கத்திலிருந்து பிசைந்து அழுத்தினேன். ஒழுகல் நின்றது. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எனக்கும் தலைகால் புரியவில்லை. "நானும் வரேன், எதுக்கும் ஒரு ஆள் இருக்கட்டும்" என்று யாரும் கூப்பிடாமலே படகில் ஏறி உட்கார்ந்தேன்.

பாதி ஏரி தாண்டியிருப்போம். காலடியில் வழவழவென்று இருந்தது. பார்த்தால், நுரை! டீசலில் நிற்கிற சோப்பு தண்ணீரில் நிற்குமா? இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த நிமிஷம் அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. மூலையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. தொட்டியில் மட்டம் இறங்க, குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"நைனா!" என்று அவள் அலறினாள்.

தோளில் இருந்த துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். குப்புறப் படுத்த மாதிரிதான் உட்கார முடிந்தது. இடுப்பு விட்டுப்போனது. "நீ தள்ளும்மா, நான் புடிச்சுக்கினு கீறேன்!" என்று கத்தினேன். அவள் மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டாள். நுரை என் வேட்டியெல்லாம் பரவியது. என் மனைவி தேய்த்த சோப்பு இப்படி ஏரியில் கரைந்து போகிறதே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையை எடுக்க முடியாது. கண்ணைத் துடைக்காமலே அழுதேன். பார்த்தாளோ என்னவோ, அவள் இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டாள்.

அடைப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். சோப்பு வெளியே கரைந்ததால் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குறைந்ததில் ஒரு பிடி செத்திருந்தது, மற்றவையெல்லாம் வலைக்குள் துள்ளி ஓடின. அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "முப்பது வருஷ சர்வீஸு!" என்றாள். நுரை வேட்டியோடு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

திரும்பக் கொண்டுவந்து விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாசற்படியில் நின்று செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன் நைனா" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவள் உள்ளே பார்த்தாள். மாலை போட்ட படம், அதன் முன்னால் விளக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, வருஷம் திரும்பாத வூடா? தெரியாம சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத நைனா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "இன்னொரு தபா சொல்லிட்டுப் போம்மா."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டவள்போல, மெதுவாக, "போயிட்டு வரேன் நைனா" என்றாள். "வாம்மா" என்றேன். படகு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் வேலியோரம் நின்றேன்.

அவள் மறுபடி வந்தாளா என்று கேட்பீர்கள். இல்லை. குத்தகை வேறு ஆளுக்குக் கை மாறியது, அவள் எங்கே போனாளோ தெரியவில்லை. துவைக்கிற கல்லில் இப்போது நான் வாங்கி வைத்த சோப்பு இருக்கிறது. ஊரில் ஒரு சாவு என்றால் நானும் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வருகிறேன். ஆனால் காரியமெல்லாம் முடிந்து ஆள் வரத்து நின்ற பிறகு, ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, "போயிட்டு வரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.