பெரட்டுக்களத்தில் அக்கா

'பெரேட்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு அணிவகுப்பு என்று பொருள் என்பது, கண்டிப் பட்டணத்துக்குப் படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சிப்பாய்கள் பளபளக்கும் சப்பாத்துப் போட்டு, வாத்தியம் முழங்க நடப்பார்களாம். சனங்கள் தெருவின் இருபுறமும் நின்று கைதட்டுவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாவலப்பிட்டிக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வருவதற்குள் அந்தச் சொல் சப்பாத்தையும் வாத்தியத்தையும் வழியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, 'பெரட்டு' ஆகியிருந்தது. விடியுமுன் ஆட்களை எழுப்பத் தப்புப் பறை அடிப்பார்கள். ஆணும் பெண்ணும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு களத்தில் வரிசையாக நிற்பார்கள். பேர் பதிந்து, இன்ன மலைக்கு இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். அதுதான் எங்கள் பெரட்டு. அதைப் பார்த்துக் கைதட்ட யாரும் வந்ததில்லை.

'லைன்' கதையும் அதுதான். இங்கிலீஷ்காரர்களுக்கு அது ஒரு வரிசை, அவ்வளவுதான். நாங்கள் அந்த வரிசை வீடுகளை லயம் ஆக்கி, அதற்குள்ளேயே பிறந்து, சமைத்து, சண்டை போட்டு, செத்தும் போனோம். அந்த லயத்தில் எங்களுக்கும் ஒரு காம்பரா இருந்தது. ஆனால் அந்த ஓர் அறையும் சும்மா கிடைத்ததல்ல. வீட்டிலிருந்து ஒருவராவது பெரட்டுக்கு நிற்க வேண்டும். நிற்க ஆளில்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

அப்பா இறந்த பிறகு அம்மா நின்றாள். எனக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது, ஓர் அடைமழைக் காலத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். மழையும் விடவில்லை, இருமலும் விடவில்லை. ஒரு நாள், எங்களை வேலை வாங்கும் கங்காணி வாசலில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். கெட்ட சேதியை நல்ல மனிதர்களிடம்தானே சொல்லி அனுப்புவார்கள்.

"நானும் எத்தனை நாளைக்குத்தான் சமாளிக்கிறது தாயி? காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. பெரியவளப் பேரு பதிஞ்சிரு."

"அதுக்கு இன்னும் ஒம்பதே முடியலையேண்ணே."

"பத்துன்னு சொல்லு. யாரு பாக்கப்போறா?"

பத்து வயதாகாத பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டம் கொழும்பில் இருந்தது. நாங்கள் மலையில் இருந்தோம்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகைதான், மழை பெய்தால் வாத்தியார் சொல்வது காதில் விழாது. அதற்கும் அவள் நனைந்துகொண்டு ஓடுவாள். கடையில் சாமான் சுற்றித் தரும் காகிதத்தைப் பிரித்து, கையால் நீவி, எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்துக் காட்டுவாள். கதை பாதியில் கிழிந்திருந்தால் மீதியை அவளே சொல்லுவாள். கிழிந்த பாதிதான் எப்போதும் நன்றாக இருக்கும்.

கங்காணி போன பிறகு அவள் அழவில்லை, அடம்பிடிக்கவுமில்லை.

"சிலேட்டத் தங்கச்சிக்கே குடுத்துறவாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கோ சிலேட்டுக் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடியுமுன் எங்கள் காம்பராவில் திருவிழாக் களை. பக்கத்துக் காம்பரா அத்தை கொழுந்துக் கூடைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். முதன்முதலாகக் கூடை போடும் பிள்ளைக்குச் செய்யும் சடங்கு அது. அம்மா எழுந்து உட்கார்ந்து, இருமி இருமி, தன் சேலையை அக்காவுக்குச் சுற்றிவிட்டாள். ஆள் பருமனாகத் தெரிய இடுப்பில் பழந்துணி. உயரம் கூட்டுவதற்காகக் கம்பளியை மடித்துத் தலையில் வைத்து, அதன்மேல் கூடைக் கயிறு. பத்து வயதைக் காட்டப் போய், பார்க்க நாற்பது வயதுக் குள்ளப் பெண்ணைப் போல ஆகிவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"தொரை கேட்டா பத்துன்னு சொல்லணும். சொல்லு பாப்போம்" என்றாள் அம்மா.

"பத்து" என்றாள் அக்கா.

"சத்தமா."

"பத்தும்மா."

அத்தை எங்கள் இருவரையும் களத்துக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்கென்று தோட்டத்தின் வெள்ளைக்காரச் சின்னத் துரையே வந்திருந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அக்காவின் முன்னால் நின்றுவிட்டார். காம்பரா போய்விட்டால் அம்மாவை மழையில் எங்கே படுக்க வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முனியாண்டியை வேண்டிக்கொண்டேன்.

"வயசு என்னா?" துரை தோட்டத் தமிழில் கேட்டார்.

"பத்து முடிஞ்சிருச்சுங்க தொரைகளே" என்றார் கங்காணி.

"நீ சொல்லாதே. அவ சொல்லட்டும்."

அக்கா தலையை நிமிர்த்தினாள். துரையின் முகத்தை நேராகப் பார்க்கும் வழக்கம் பெரியவர்களுக்கே கிடையாது. அவள் பார்த்தாள்.

"பத்து" என்றாள், அம்மா சொன்னபடியே சத்தமாக.

துரை அந்தக் கம்பளியைப் பார்த்தார். தரையில் புரண்ட சேலையைப் பார்த்தார். கூடைக் கயிற்றைப் பிடித்திருந்த சின்னக் கைகளையும் பார்த்தார். பிறகு, "சரி. பேர் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

நான் துள்ளிக் குதித்தேன். அம்மாவுக்கு முதலில் சேதி சொல்வது நானாக இருக்க வேண்டும் என்று லயத்துக்கு ஓடத் தயாரானேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு ஓடலாம் என்று திரும்பினால், அவள் அசையாமல் நின்றாள். துரை வரிசையின் கடைசிவரை போய்விட்டார். அவள் கண்கள் அவரையே தொடர்ந்து போயின. வெள்ளைக்காரரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததால் வாய்பிளந்து நிற்கிறாள் என்று எண்ணி, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அக்கா அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை. அவள் பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன். இன்று நினைத்தால்தான் புரிகிறது. அம்மாவுக்காக அந்தப் பொய்யை அவள் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்லிவிட்டாள். பொய் சொல்கிறாய், நீ சின்னப்பிள்ளை, வீட்டுக்குப் போ என்று அந்த ஒரு மனிதராவது சொல்லிவிடமாட்டாரா என்றுதான் அவ்வளவு நேரமும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.