தீர்ப்பை மொழிபெயர்க்கச் சொன்னார்கள்

மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவது, தமிழில் வருவதைச் சிங்களமாக்குவது, இடையில் வரும் ஆங்கிலத்தைச் சமாளிப்பது என் வேலை. பல வருடங்களாக என் மீது ஒரு முறைப்பாடும் இல்லை. நான் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

ஒருநாள் எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். தான் குடியிருக்கும் லயத்துக் கூரையைத் திருத்தித் தரும்படி கேட்க வந்தவரிடம் எங்கள் கந்தோரில் சிங்களப் படிவமொன்றை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"இதுல என்னாங்க மிஸ் எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

வாசித்துச் சொன்னேன். லயத்தைவிட்டு வெளியேற மனமொப்பிச் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது. அம்மா பேனாவை மேசையில் வைத்தார். "கூரை ஒழுகுனா ஒழுகட்டுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் எனக்கொரு கடிதம் வந்தது. கந்தோர் அலுவல்களைத் தாமதப்படுத்தும் விதத்தில் நடந்துகொண்டதால் சேவையிலிருந்து நீக்கப்படுகிறேனாம். கடிதம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழ்ப் பிரதி தயாரிக்க ஆளில்லை. அந்த ஆளைத்தான் நீக்கியிருந்தார்கள்.

வழக்குப் போட்டேன். என் சட்டத்தரணி மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். முதல் நாளே சொன்னார்: "கேஸ் வெல்லும் மிஸ். வென்ற பொறகுதான் கஷ்டம் ஈக்குது." அதை நான் பகிடி என்று நினைத்தேன்.

வென்றோம். என்னை நீக்கியது சட்டவிரோதம், உடனடியாக அதே பதவியில் அமர்த்த வேண்டும் என்று கண்டியில் தீர்ப்பு வந்தது. மறுநாள் காலை சேலை உடுத்தி, எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். பிரதம லிகிதர் ஒரு துண்டுக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பைப் புரட்டினார்.

"இது இங்கிலீஸ்ல இருக்கே மிஸ். சிங்களத்துல இருந்தாத்தான் பெரிய சேருக்கு முன்னால வைக்கலாம்."

"மொழிபெயர்க்கக் குடுங்க."

"மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடமாச்சே." இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு யோசித்தார். "மிஸ்ஸே செஞ்சு தாங்களேன். நீங்க நல்லாச் செய்வீங்க."

இரண்டு நாள் இருந்து செய்தேன். 'உடனடியாக' என்ற சொல்லுக்கு இருந்த சிங்களச் சொற்களில் ஆக அவசரமானதைத் தேடிப் போட்டேன். ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. மொழிபெயர்த்தவர் இக்கந்தோரின் உத்தியோகத்தர் அல்லாதபடியால் இந்த மொழிபெயர்ப்பை ஏற்க முடியாதாம்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனேன். வாசலில் பாதுகாவலர் ஒரு தடித்த கொப்பியை நீட்டுவார். பெயர், நேரம், வந்த காரணம். 'தீர்ப்பை நிறைவேற்றும்படி கேட்க' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். கந்தோருக்குப் பொறுப்பான பெரிய சேர் தம்புள்ளைக்குப் போயிருப்பார், கூட்டத்தில் இருப்பார், அல்லது இப்போதுதான் போயிருப்பார். ஒரேயொரு முறை அகப்பட்டார். கதிரை தந்தார், தேநீரும் வரவழைத்தார்.

"நீதிமன்றத்துக்கு நாங்க ரொம்ப மரியாதை குடுக்கிறோம் மிஸ்," என்றார் சிங்களத்தில். "உங்கட தீர்ப்பைத் தனிக் கோவையில போட்டு, அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறோம்."

அன்று பஸ்ஸில் அழுதேன். தோற்றிருந்தால் வேறு வேலை தேடியிருப்பேன். வென்றுவிட்டதால் அதுவும் முடியவில்லை. தெருவில் சந்திப்பவர்கள், "கேஸ் வென்டுட்டீங்களாமே, ஏன் இன்னும் வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டார்கள். நான் பொய் சொல்கிறேன் என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள். ஓர் அரசாங்கம் தன் நீதிமன்றத்தின் சொல்லையே கேட்காது என்பதைவிட, ஒரு பெண் பொய் சொல்கிறாள் என்பதை நம்புவது சுலபம்தானே. வேலை போனபோது பறிபோனது என் சம்பளம் மட்டும்தான். இப்போது, முறையிட ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையும் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடக் கடைசியில் சட்டத்தரணி நீதிமன்ற அவமதிப்பு மனுப் போட்டார். அதற்குக் கந்தோர் சத்தியக் கடதாசியில் தந்த பதில்தான் எல்லாவற்றையும் மிஞ்சியது. தீர்ப்பு வந்த அன்றே என்னை மீண்டும் பதவியில் அமர்த்திவிட்டார்களாம். நான்தான் வேலைக்கு வரவில்லையாம்.

சட்டத்தரணி சிரிக்கவில்லை. கந்தோர் வாசலிலிருந்த கொப்பிகளைக் கொண்டுவர உத்தரவிடும்படி நீதிபதியிடம் கேட்டார். அடுத்த தவணைக்குக் கொப்பிகள் வந்தன. நீதிபதி ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருநாளும் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் திங்கட்கிழமை தவறாமல் வந்து கையெழுத்துப் போட்டிருப்பது யார்?"

பெரிய சேர் பிரதம லிகிதரைப் பார்த்தார். பிரதம லிகிதர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்றைக்கு நீதிமன்றம் கலைய முன்பு இவருடைய நியமனக் கடிதம் என் மேசையில் இருக்க வேண்டும்."

மூன்று வருடங்களாக முடியாதது அரைமணித்தியாலத்தில் முடிந்தது. தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்து, என் சட்டத்தரணியிடம் கடன் வாங்கிய பேனாவால், பெரிய சேர் தன் கைப்படவே எழுதினார். மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். என் அறையில் கதிரையைக் காணவில்லை. மேசைக்கு மேலும் கீழும் உரப்பைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை அவிழ்த்தேன். எல்லாம் தமிழில் எழுதிய கடிதங்கள். மொழிபெயர்க்க ஆளில்லை என்று, என்னை நீக்கிய நாளிலிருந்து கட்டிப் போட்டிருந்தார்கள். என்னை வெளியே வைத்ததில் நான் மட்டும்தான் பாதிக்கப்பட்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். மேலே கிடந்த கடிதத்தை மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மாவட்டத்து நாலந்தாவிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க வதிவிடச் சான்றிதழ் அவசரமாகத் தேவை என்று கேட்டிருந்தார். அந்தப் பிள்ளை எங்கேயாவது படித்துக்கொண்டிருந்தால் இப்போது நாலாம் வகுப்பில் இருக்கும்.

பிரதம லிகிதர் வாசலில் வந்து நின்றார். "வந்ததும் வராததுமா ஏன் மிஸ் பழசையெல்லாம் கிளறுறீங்க?"

பக்கத்து அறையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். அந்தத் தகப்பனுக்கு முதலில் எழுத வேண்டியது மன்னிப்பா, சான்றிதழா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.