தூக்குவாளியில் ஒரு பிடி மிச்சம்

என் கணவர் ஜெயிலுக்குப் போனது தண்ணீருக்காக. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தை மாதம் நெல் பால் பிடித்து நிற்கிற நேரத்தில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு எங்கே தெரியும்? மேலே இருந்தவன் முறை மாறித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டான். இவர் போய்க் கேட்டார். வாய் முற்றிக் கை நீண்டது. மண்வெட்டிப் பிடி பட்டு அவனுக்குக் கை எலும்பு முறிந்துபோனது. அன்று சாயங்காலமே போலீஸ் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இந்த மண் இன்னும் தமிழ்நாட்டோடு சேராத காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை.

அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்வரை ஜாமீன் கிடைக்காது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும்போதுதான் முகத்தைப் பார்க்க முடியும். அதுவரை ஒரே ஒரு சலுகை. தீர்ப்பாகாத ஆள் என்பதால் வீட்டுச் சாப்பாடு உள்ளே போகும். ஆகவே தினமும் உச்சிப்பொழுதுக்கு முன்னால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்து, கோட்டாற்றுக் கடைத்தெருவைக் கடந்து, ஜெயில் வாசலில் போய் நிற்பேன். வீட்டில் ஆண்கள் இல்லையா என்று ஊரில் பேசினார்கள். இருந்தார்கள். கணவரின் அண்ணன் இருந்தார். ஆனால் அவர் கொண்டுபோனால் சோறு போகும், நான் போகமாட்டேனே!

வாசலில் நின்ற பாராக்காரர் கெட்ட மனுஷன் இல்லை. சட்டம்தான் அவருக்கு முக்கியம்.

"ஏமானே, ஒரே ஒரு வார்த்த அவியகிட்ட சொல்லட்டா?"

"பேசப்படாது கேட்டியா. பாத்திரத்த வச்சிட்டு அந்தால நில்லு."

அந்தால நிற்பேன். சாப்பிட்டு முடித்ததும் வாளி திரும்பி வரும். முதல் நாள் அதை வாங்கியபோது இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தது. வழியில் கால்வாய்ப் படித்துறையில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். அடியில் ஒரு பிடிச் சோறு, அதன்மேல் பாதித் துண்டு மீன்.

எங்கள் வீட்டில் பெண்கள் புருஷன் சாப்பிட்ட இலையில்தான் சாப்பிடுவார்கள். கல்யாணமான நாள் முதல் அவர் எனக்கென்று இலையின் ஓரத்தில் ஒரு பிடிச் சோறும் ஒரு துண்டு மீனும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஜெயிலுக்குள்ளும் மனுஷன் அதை மறக்கவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்றேன். போவோர் வருவோர் பார்த்தார்கள். பார்த்தால் எனக்கென்ன? அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவருக்கும் எனக்கும் இருந்த பேச்சு அந்த ஒரு பிடிதான்.

சமையல் என்னுடையது என்று சொல்லிக்கொண்டாலும் அடுப்படி மாமியாருடையது. மாமி அரைத்துக் கொடுப்பாள், நான் கொதிக்க வைப்பேன். தேங்காயோடு நாலு நல்லமிளகு சேர்த்து அவள் அரைக்கிற அரைப்புக்குத்தான் அந்த மணம். கண்டிப்புக்காரி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. மீன்காரிக்கே அது தெரியும், அன்றைக்கு எங்கள் வாசலில் கடவத்தை இறக்கமாட்டாள். ஒரு தடவை கணவரின் அண்ணன் ஆசைப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை கருவாடு சுட்டுவிட்டார். மாமி அந்தச் சட்டியை முற்றத்தில் போட்டு உடைத்து, "தின்னுலே, இப்பம் தின்னு" என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் ஜெயிலுக்கும் மீனில்லாத முருங்கைக்காய்த் தீயல்தான் போனது.

அந்த மாமி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தாங்குவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். கடைசி மகன் இவர். அண்ணன் விடியுமுன் வக்கீல் வீட்டுக்கு ஓடினார். கோர்ட்டு திறந்து மனுப்போட்டு உத்தரவு வாங்க மத்தியானம் தாண்டிவிடும், அப்போதும் நிச்சயமில்லை என்றார் வக்கீல். அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள். அண்ணனே கொள்ளி வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து குளித்த ஈரத்தோடு, "பாராக்காரருகிட்ட சொல்லி விடணும். அவனுக்குத் தெரியாண்டாமா?" என்றார்.

அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசாதவள் நான். அன்றைக்குப் பேசினேன்.

"வேண்டாம். வாய்தா அன்னைக்கு நானே சொல்லுகேன். அதுவர ஒருத்தரும் சொல்லப்படாது."

என் மனதில் இருந்தது இதுதான். வெளியில் எங்களுக்கு அழுவதற்கு வீடு நிறைய ஆள் இருந்தது. ஒருத்தி மார்பில் அடித்தால் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொள்வாள். அவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்? யாரோ ஒரு பாராக்காரர் கம்பிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒற்றையாய் அழவேண்டும். அது மட்டும் நடக்கக்கூடாது. அவர் அழும்போது நான் பக்கத்தில் இருக்கவேண்டும். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சொல்லிவிட்டேனே தவிர, சோறு? சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், சொந்தக்காரர்கள்தான் கொண்டுவந்து போடுவார்கள். பதினாறாம் நாள் அடியந்திரம் கழியும்வரை மீன் வாசமே வரக்கூடாது. மீனில்லாத சோறு மூன்று நாள் சேர்ந்தாற்போல் உள்ளே போனால் அவருக்குத் தெரிந்துவிடாதா? அவர் என்ன சின்னப் பிள்ளையா?

பின்பக்க வேலிக்கு அப்பால் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி இருந்தாள். அக்கா என்று கூப்பிடுவேன். போய் நின்றேன். கேட்டதும் அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, சாவு வீட்டுல இருந்து மீன்கறியா? ஊரு என்னத்தச் சொல்லும்?"

"ஊருதான் அவியளுக்குச் சோறு கொண்டு கொடுக்கா? நீங்க வச்சுத் தாருங்க அக்கா. நல்லமிளகு மறந்திராதிங்க. புளி கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

பாவம், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே தூக்குவாளியோடு இறங்கினேன். அண்ணன் மனைவி வாசலை மறித்தாள். "தாலி கெட்டுனவன் பசிக்குச் சாவுத் தீட்டு தெரியுமாக்கும்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். அவள் என்னை ஏசியது தெருமுனை வரை கேட்டது.

புதன்கிழமை சாளை. வியாழக்கிழமை நெத்திலி. இரண்டு நாளும் வாளியில் எனக்கு மீன் மிச்சம் வந்தது. சோற்றை மட்டும் தின்றேன். துக்கத்தில் இருப்பவள் மீனைத் தொடக்கூடாது. அவர் ஒதுக்கி வைத்ததைத் தண்ணீரில் வீசவும் கை வரவில்லை. கடைசியில் படித்துறை நாய்க்குப் போட்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

சாவு வீட்டில் கிழமை ஏது? மறுநாள் அக்கா அயிலைக் கறி வைத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்தால் அப்படியே மாமியின் கைமணம். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அதே நேரத்தில், அப்பாடா, தப்பித்தோம் என்றும் நினைத்தேன். மகனேயானாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்றைக்கு வாளி திரும்பி வர வெகுநேரம் ஆனது. படித்துறையில் திறந்தேன். ஒரு பிடிச் சோறு இருந்தது. மீன் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சோறு மட்டும் தவறாமல் வந்தது. கறி அவ்வளவு பிடித்துப்போயிற்றாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாய்க்குப் போடுகிற பாடு தீர்ந்தது. ஆனாலும், ஒரு துண்டு எனக்கு வைக்கத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு என்று ஒரு வெப்ராளமும் வந்தது. யாரிடம் சொல்ல? வீட்டில் எல்லாரும் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். வேலிக்கு அப்பால் அக்காவிடமும் ரகசியமாக இரண்டு வார்த்தைதான். மாமி இருந்தால் என்னை ஏசவாவது செய்வாள். அவள் ஏசாத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

போகும்போதும் வரும்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். "அத்தான், அம்மை போயிட்டா." முதலில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதா, சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வதா? கடைத்தெருவில் என் உதடு அசைவதைப் பார்த்து ஒரு கடைக்காரர், "இதுக்கு மண்ட கொளம்பிட்டு" என்று பக்கத்தில் சொன்னது காதில் விழுந்தது.

பதினாறாம் நாள், புதன்கிழமை, அடியந்திரம் கழிந்தது. மறுநாள் வாய்தா. விடிந்ததும் அடுப்பு மூட்டி, நானே அரைத்து, நானே மீன்கறி வைத்தேன். மாமியின் அம்மியில் நான் தனியாக அரைத்த முதல் அரைப்பு அது.

கோர்ட்டு வராந்தாவின் ஓரத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிந்தது. கூட வந்த ஏட்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அத்தனை நாள் சொல்லிப் பழகிய வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர்தான் முதலில் பேசினார்.

"என்னைக்கு?"

"என்னது என்னைக்கு?"

"அம்மை போனது."

"செவ்வாக்கெழம" என்றேன். "ஆரு சொன்னா? பாராக்காரரா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. வெள்ளிக்கெழம அயிலைக்கறி வந்துதுல்லா. மொதல்ல அம்மைக்குச் சொகமில்லேன்னு நெனச்சேன். பொறவு, சொகமில்லாம கெடந்தாலும் வெள்ளிக்கெழம மீனு மணம் கேட்டா எந்திச்சு வந்து சட்டிய ஒடச்சிருவாளே, வரல்லியேன்னு நெனச்சேன்."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் அறியக்கூடாது என்று நான் கொண்டுபோன மீனே அவரிடம் சொல்லிவிட்டது.

"பின்னே எதுக்கு அத்தான் பாத்திரத்த மீனில்லாம அனுப்புனிய? நான் நீங்க தின்னியன்னுல்லா நெனச்சேன்."

"கூட இருக்கப்பட்ட ஆளுவளுக்குக் கொடுத்திருவேன். திருப்பி அனுப்புனா நீ வெசனப்படுவே. ஒனக்குன்னு ஒதுக்கி வச்சா, துக்கம் கழியாம நீ எப்படித் தின்னுவே?"

அவர் அழவில்லை. உள்ளே அழுதாரா என்று கேட்டேன். கேட்கவேண்டும் போலிருந்தது. "அழுதா நாளைக்கு நீ வாசல்ல நிக்கும்போ பாராக்காரர் சொல்லிருவாரு. அழல்ல" என்றார். ஒற்றையாய் அழக்கூடாது என்றுதானே நான் அத்தனை பாடுபட்டேன்! அழாமலே ஒற்றையாய் இருந்திருக்கிறார். அது அதைவிடக் கொடுமை.

மூடியைத் திறந்து வைத்தேன். "அடியந்திரம் நேத்துக் கழிஞ்சுது. நான் வச்ச கறி. தின்னுங்க."

அவர் வாளிக்குள் இருந்த மீன் தட்டை எடுத்துத் தள்ளி வைத்தார். சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார்.

"எனக்கு இன்னும் கழியல்லட்டி. என்னைக்குன்னு தெரியாதுல்லா. நான் வெள்ளியில இருந்து எண்ணிட்டு வாறேன். சனிக்கெழமதான் பதினாறு கழியும்."

அதற்குள் அவருடைய வழக்கைக் கூப்பிட்டார்கள். ஒரு பிடிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றும் ஜாமீன் கிடைக்கவில்லை. அது கிடைக்க அதற்குப் பிறகும் நாளானது.

சனிக்கிழமை வீட்டில் மீன் வாங்கினார்கள். நான் தனியாக ஒரு சட்டியில் தீயல் வைத்தேன். "எல்லாம் கழிஞ்சாச்சே, இன்னும் என்னத்துக்குட்டி தீயலு?" என்று அண்ணன் மனைவி கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அன்று வாளி சீக்கிரமே திரும்பி வந்தது. படித்துறையில் உட்கார்ந்து திறந்தேன். ஒரு பிடிச் சோறு இருந்தது. அதன்மேல், வெகுநாளைக்குப் பிறகு, எனக்கென்று ஒதுக்கி வைத்த ஒரு துண்டு முருங்கைக்காயும் இருந்தது. நானும் தின்னலாம் என்று அவருக்குத் தெரிந்த துண்டு. தின்றுகொண்டே வாய்விட்டு அழுதேன். அந்த நேரத்தில் உள்ளே அவரும் அழுதிருப்பார்.