கதிர் வந்த வயல்

அக்கா தன் வலக்கையை விமானமாக்கிச் சாப்பாட்டு மேசையின் மீது ஓடவிட்ட அந்த மதியம் கண்முன் நிற்கிறது. விரல்களில் ரசத்தின் ஈரம் காயவில்லை. விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்குக் கீழ்வேளூர் வந்திருந்தாள். கை மேசையை விட்டுச் சற்றே எழும்பியதும் நிறுத்தினாள். "இப்ப எஞ்சின் நின்னுபோச்சுன்னு வச்சுக்க. எதிர்ல என்ன இருக்கோ அதுலயே எறங்கிடணும். திரும்பவே கூடாது. வேகம் பத்தாம எறக்கை சாஞ்சு விழுந்துரும்." தஞ்சாவூர்க் கல்லூரி மேடைகளில் எந்தத் தலைப்பிலும் எந்த அணியிலும் நின்று வென்றுகொண்டிருந்தவன் நான். எதிர்வாதம் வைக்காமல் ஒரு பேச்சை முடியவிட எனக்குத் தெரியாது. "ஆனா, எதிர்ல குளம் இருந்தா?" என்றேன். "அதான் பட்டிமன்றத்துல பேசுறவனுக்கெல்லாம் பிளேன் குடுக்கறதில்ல. நீ 'ஆனா'ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள தரை வந்துரும்" என்றாள் அக்கா. தலை நிமிராமல் மோர் ஊற்றிக்கொண்ட அப்பாவின் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

அதே ஆண்டு மார்கழியில் அவளுடைய பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. அந்த ஊரும் எங்கள் ஊரைப் போல ஆற்றுப் பாசனத்து ஊர்தான். ஓடுபாதை முடிகிற இடத்தில் வயல்கள் தொடங்கிவிடும். அருகில் அமர்ந்திருந்த பயிற்றுநர் கால் முறிந்து பிழைத்தார். அக்கா பிழைக்கவில்லை. அவளை அழைத்துவர நானும் அப்பாவும் போனோம். எனக்கு அழுகை வரவில்லை. ஓட்டுநர் வழியில் வாங்கித் தந்த தேநீரில் சர்க்கரை அதிகம் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது. இயந்திரம் நின்றதும் விமானம் இடப்பக்கம் திரும்பியது என்று அங்கே சொன்னார்கள். அப்பா என்னைப் பார்த்தார். திரும்பக் கூடாது என்று கை நீட்டிக் காட்டியவள் அவள். ஏன் திரும்பினாள் என்பது அப்போதே எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கருமாதியன்று வாசல் பந்தலில் படத்திறப்பு. பயிற்றுநர் ஊன்றுகோலுடன் வந்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார். "'கதிர் வந்துருக்கு சார்'னாங்க தம்பி. அவ்வளவுதான் சொன்னாங்க. பக்கத்துல ஒரு தரிசு கெடந்துச்சு, அதுக்குத் திருப்பப் பாத்தாங்க. நான் கைய வைக்கறதுக்குள்ள சாஞ்சுடுச்சு. நெல்லு போனா போவுதுன்னு எறங்க வேண்டியதுதானே? ஏன்னு எனக்கு விளங்கவே இல்ல."

எனக்கு விளங்கியது. கதிர் வந்து பூத்துப் பால் பிடிக்கிற வயலுக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் இறங்குவதில்லை. ஆள் உரசினால் பூ உதிரும், மணி பதராகும். உள்ளே பந்து விழுந்தால் அறுவடை வரை அங்கேயே கிடக்கும். சிறுமியாக இருந்தபோது அக்கா ஒருமுறை அப்படி விழுந்த பந்தை எடுக்க இறங்கிவிட்டாள். அப்பா அடித்தார். வாழ்நாளில் அவர் அவளை அடித்தது அந்த ஒரு முறைதான்.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. "பேசுடா, உன்ன விட்டா யாரு பேசுவா" என்றார் பெரியப்பா. பயிரைக் காக்கத் தன் உயிரைத் தந்தவள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அந்தப் பந்தலில் ஒரு கண்ணும் காய்ந்திருக்காது. அந்த வரியை எங்கே நிறுத்தி எங்கே ஏற்ற வேண்டும் என்பது வரை எனக்குள் ஒழுங்காக அமைந்துவிட்டது. முன்வரிசையில் அப்பா அமர்ந்திருந்தார். கேட்கிற எல்லோருக்கும் அது பெருமை. அவர் ஒருவருக்கு அது தீர்ப்பு. வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். "என்னடா, இவ்ளோதானா?" என்று பெரியப்பா கடிந்துகொண்டார்.

ஓராண்டு போயிற்று. நான் மீண்டும் மேடையேறுகிறேன், வெல்கிறேன், கைதட்டல் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போல இருக்கிறது. இந்த மார்கழியில் எங்கள் வயலில் கதிர் வெளிவந்ததும் அப்பாவுடன் பார்க்கப் போனேன். வரப்பில் நின்றவர், வயலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த சார் அன்னைக்கு உன்கிட்ட என்னமோ சொன்னாரே. அவளுக்கு எதிர்ல என்ன பயிரு?"

"பயிரு இல்லப்பா. தரிசுதான்" என்றேன். குரலில் ஒரு பிசிறும் இல்லை; அதற்குப் பழகியவன் நான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தரிசா இருந்தா எறங்கியிருப்பாளே தம்பி."

பிறகு வரப்போடு நடந்தார். நான் பின்னால் போனேன். கதிர்கள் வரப்பின் மேல் சாய்ந்திருந்த இடங்களில் எல்லாம் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.