கண்ணு பட்ட குருவி

பெருந்துறையில் எங்கள் மொட்டை மாடிக் கூண்டில் ஆறு பிஞ்ச் குருவிகள் இருந்தன. ஒரு நாள் அதில் ஒன்று இறகை உப்பிக்கொண்டு, பந்துபோல் தீனித் தட்டருகிலேயே உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, இது மட்டும் நல்லாக் கொழுத்துப்போச்சுங்க!" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணு பட்டுவிடக் கூடாதென்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன்.

மறுநாள் காலை அது செத்துக் கிடந்தது. கையில் எடுத்தவள் பதறிப்போனேன். எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்திபோல் விரலில் குத்தியது.

"சீக்கு வந்தா குளிர் தாங்காமத்தானுங்க அப்படி உப்பும். நேத்தே தனியா வெச்சு, பல்பு போட்டுச் சூடு குடுத்துக் கொண்டாந்திருந்தா பொழைச்சாலும் பொழைச்சிருக்குமுங்க" என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர்.

இப்போது ஒரு குருவி உப்பி உட்கார்ந்தாலே போதும், தனிப் பெட்டியில் வைத்துச் சூடு காட்டி, டாக்டரிடம் ஓடுகிறேன். அன்று அதன்மேல் யார் கண்ணும் படவில்லை. நோய்தான் என் கண்ணில் படவில்லை.