இளநீர்க்காரரின் சைலன்சர்

நடுவிரலை மடக்கிச் சைலன்சரின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டினார் பலராமன். காதை ஒட்ட வைத்துக் கேட்டார். "முத்தல்" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தட்டினார். "வெறுந் தண்ணி." அதற்கடுத்தது: "இது வழுக்க. தேவலாம்." ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரம் சைலன்சர் கடை வைத்திருக்கும் தேவதாஸ், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யோவ், இது சைலன்சருய்யா. நீ விக்கிற எளநி இல்ல" என்றார். பலராமன் சிரித்தார், கையை மட்டும் நிறுத்தவில்லை.

தவளக்குப்பம் பக்கத்துத் தோப்புகளில் இளநீர் வாங்கி, பெரிய பிக்கப் வண்டியில் மலையாகக் குவித்து, தினமும் புதுச்சேரிக்குக் கொண்டுவருபவர் அவர். ஆள் ஆறடி. மீசையைப் பார்த்தால் எதிரே வரும் லாரி ஒதுங்கும். ஆனால் தெருவில் நின்று "எளநி" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள், காது சிவந்துவிடும். "வெக்கமா இருக்குது சார். நாலு பேரு திரும்பிப் பாப்பாங்கல்ல?" நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தானே ஐயா கூவுவது என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு ஒரு இளநீரைச் சீவ ஆரம்பித்துவிடுவார்.

காய்கறி வண்டிக்காரர்களைப் போல ஒலிபெருக்கி வாங்கி, மனைவி செந்தமிழ்ச்செல்வியின் குரலைப் பதிவு செய்தும் பார்த்தார். அது ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் அணைத்துவிட்டார். "எம் பொண்டாட்டிய நடுத்தெருவுல நிக்க வச்சி கத்த வுட்ட மாதிரி இருக்குது சார்." சரி, ஹாரன் அடிக்கலாமே? "சண்டைக்கிக் கூப்புடற மாதிரி இருக்கும்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பலராமனுக்கு அந்த வாய் வண்டிக்கு அடியில் இருந்தது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, குழாய் இணைப்பும் விட்டுப்போய், பிக்கப் ஒரு தினுசாக உறுமிக்கொண்டிருந்தது. சாரம் பகுதியில் எங்கள் தெருமுனையில் அது திரும்பும்போதே சன்னல் கம்பிகள் அதிரும். அடுப்பைத் தணித்துவிட்டுப் பெண்கள் சொம்போடு வாசலுக்கு வருவார்கள். பலராமன் ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு இளநீரின் பெயரே 'டுபுடுபு'தான்.

வினை கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. சரக்கில் ஒரு பாதி சாரத்தில் விற்கும். மறுபாதி, க்ளெமான்ஸ் அம்மாள் நடத்தும் விருந்தினர் விடுதிக்குப் போகும். அங்கே தங்குபவர்களுக்குக் காலை ஏழு மணி என்பது நடுச்சாமம். போன வாரம் அம்மாள் வாசலிலேயே வண்டியை மறித்துவிட்டார். "பலராமன், எனக்கு உன் எளநி வேணும், உன் இடிமொழக்கம் வேணாம். திங்கக்கெழமயும் இதே சத்தத்தோட வந்தின்னா கேட்டு தெறக்காது. செ ஃபினி." பலராமனுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் 'அவ்வளவுதான், முடிந்தது' என்ற அந்தக் கடைசி வார்த்தை நன்றாகப் புரிந்தது.

சத்தம் இருந்தால் விடுதி போகும். சத்தம் போனால் சாரம் போகும். எந்தப் பக்கம் போனாலும் பாதி வண்டி இளநீர் வெயிலில் வாட வேண்டியதுதான். இருதலைக் கொள்ளி எறும்பாக அவர் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைக்குத் துணையாகப் போனது அதனால்தான். வேடிக்கை பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

தேவதாஸ் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். முதலில் நேர்க்குழாய். "இழுவ பிரமாதமா இருக்கும். ஆனா செத்தவன்கூட எழுந்து ஒக்காந்துப்பான்." அடுத்தது, உள்ளே தடுப்புத் தகடுகளை நெருக்கி அடுக்கியது. "சத்தமே வராது. ஆனா பொக வெளிய போவ வழியில்லாம, லோடோட மேம்பாலம் ஏறச்சே வண்டிக்கி மூச்சு முட்டும்." மூன்றாவது வயிறு பெருத்தது, வாயும் அகலம். "குழாயயும் ஒரு சுத்து பெருசா போட்டுடறேன். பின்னாடி அச்சுல இடிக்காம வளைச்சி வுட்டா மூச்சும் வுடும், சத்தமும் அடங்கும்."

பலராமன் மூன்றையும் மறுபடி தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சாரத்துல கேக்கணும், பீச்சுல கேக்கக் கூடாது. அப்பிடி ஒண்ணு இருக்குதாண்ணே?"

"இருக்குது. ரெண்டு பொண்டாட்டிக்காரன் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கான்" என்றார் தேவதாஸ்.

மூன்றாவது முடிவாயிற்று. குழாயை வளைத்து, பற்றவைத்து, ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டார்கள். பலராமன் சாவியைத் திருப்பினார்; எஞ்சின் ஓடுகிறதா என்று இறங்கி வந்து பார்த்தார். குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். பழைய சைலன்சரை இரும்புக் குப்பையில் எறியப் போன தேவதாஸை, "அத வண்டில போடுண்ணே" என்று தடுத்தார். ஓட்டை உடைசலாக இருந்தாலும் இத்தனை நாள் தன் வேலையைச் செய்த பொருளாயிற்றே.

திங்கட்கிழமை காலை மாடியிலிருந்து பார்த்தேன். பிக்கப் பூனைபோல வந்து தெருவில் நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. பலராமன் இறங்கினார், மீசையை நீவினார், வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. எதிர்வீட்டுச் சுவரில் இருந்த காகம் மட்டும் திரும்பிப் பார்த்தது; அதற்கே அவர் வெட்கப்பட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். நான் இறங்கி ஓடுவதற்குள் போய்விட்டார். விடுதியில் என்னவோ க்ளெமான்ஸ் அம்மாள் "த்ரே பியேன், ரொம்ப நல்லது" என்று கேட்டை அகலத் திறந்தாராம். ஆனால் அன்று பாதிச் சரக்கு வீடு திரும்பியது. செந்தமிழ்ச்செல்வி அதைப் பார்த்துவிட்டு, "எளநின்னு ஒரு வார்த்த. அதக்கூட நான் வந்துதான் சொல்லணுமா?" என்று கேட்டதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை "ணங்... ணங்..." என்று ஒரு சத்தம். கீழே ஓடினேன். பிக்கப்பின் பக்கக் கம்பியில் பழைய சைலன்சர் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக்கத்தியின் முதுகால் பலராமன் அதை அடித்துக்கொண்டிருந்தார், வேறு யாரோ அடிப்பதுபோல முகத்தை வானத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு. ஒவ்வொரு கதவாகத் திறந்தது, சொம்புகள் வந்தன. "என்னாங்க, இன்னிக்கி வண்டி வேற மாதிரி கத்துது?" என்றாள் மூன்றாம் வீட்டுப் பூர்ணிமா.

"பழைய ஆளுதாங்க" என்றார் பலராமன். தெருவில் நாலு பேர் நடுவே அவர் வாய்விட்டுப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

கடற்கரைத் தெருவுக்குள் திரும்பும் முன் வண்டியை ஓரம் கட்டினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, தொங்கும் சைலன்சர் ஆடிக் கம்பியில் இடிக்காதபடி அதைச் சுற்றிச் சுற்றிப் போர்த்தி முடிச்சுப் போட்டார். நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி, காதை ஒட்ட வைத்துக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.