வாட்ச்மேனின் வெண்ணெய் டப்பா

அமீரகத்தின் புஜைராவில் எங்கள் லேபர் கேம்ப் வாட்ச்மேன் கானா நாட்டுக்காரர், ஒல்லியான நெட்டை மனிதர். டியூட்டி முடிந்ததும் ஒரு தகர டப்பாவைத் திறந்து, பித்தவெடிப்பில் மஞ்சள் வெண்ணெயைக் கொஞ்சமாகத் தடவுவார்.

என்னவென்று கேட்டேன். ஷியா என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பதாம். உதிர்ந்ததைப் பொறுக்கி, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்துகொண்டே இருந்தால் வெண்ணெய் திரண்டு வருமாம். அவர்கள் ஊரில் ஆண்கள் அந்த வேலையைத் தொடுவதில்லை. விற்ற காசும் பெண்களுக்கே. அதனால் அவர்கள் புருஷனிடம் கையேந்துவதில்லை.

"லீவுல போனா எனக்கும் ஒரு டப்பா கொண்டு வாங்க பாய்."

"மாஃபி பாய், இனிமே கிடையாது. எங்க நிலத்து மரத்தையெல்லாம் நான்தான் வெட்டி, கரிமூட்டம் போட்டு வித்தேன். அதுலதான் விசா வாங்கினேன்."

"வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"கடைசியாப் பிசைஞ்சத இதுல போட்டுக் குடுத்தா. அங்க கால் வெடிக்கும், தடவிக்கோன்னா."

அந்தக் கோடையில் எங்கள் யாருக்கும் சம்பளம் வரவில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் எடுக்கமாட்டார். அது அடித்து ஓயும்வரை டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.